எவ்வளவு குடித்தும் அடங்காத தாகம்: வெயிலா, சர்க்கரையா?

கேள்வி: வீட்டுக்காரருக்கு 52 வயது, பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒன்றரை மாதமாக எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்கிறார். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார், வந்ததும் சொம்பைத் தூக்குகிறார். ஆளும் இளைத்துவிட்டார். சித்திரை வெயில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நன்னாரி சர்பத், கரும்புச்சாறு என்று குடிக்கிறார். தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். வெயில் தணியும்வரை பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: பொறுக்க வேண்டாம் சகோதரி. நாளைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

நம்ம பக்கம் சித்திரையில் தாகம் எடுக்காத ஆள் கிடையாது, அதனால்தான் இதை எல்லோரும் வெயில் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் வெயிலால் வரும் தாகத்தில் தண்ணீர் வியர்வையாகப் போய்விடும், சிறுநீர் குறைவாகவும் அடர் மஞ்சளாகவும் போகும், நிழலில் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தால் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. வெயிலே இல்லாத நடுராத்திரியிலும் நிறைய சிறுநீர், நிறைய தாகம், கூடவே உடம்பும் இளைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது நீரிழிவைத்தான்.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுக்கத் தடுத்து நிறுத்த முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் போன தண்ணீரைத்தான் உடம்பு திரும்பக் கேட்கிறது. அதனால் மாமியார் அக்கறையோடு சொன்னாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள், உடம்பு வற்றிப்போகும். அதைவிட முக்கியமாக, அந்த சர்பத்தையும் கரும்புச்சாற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். தாகத்துக்கு இனிப்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும், சிறுநீர் கூடும், தாகம் இன்னும் கூடும், மறுபடி ஒரு கிளாஸ். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, சர்க்கரை நானூறு ஐந்நூறு என்று ஏறிய பிறகு வருகிறவர்கள் உண்டு. வெறும் தண்ணீர், இல்லையென்றால் நீர்மோர், அது போதும்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று நாள் தள்ளாதீர்கள். இப்படி அறிகுறிகள் இருக்கும்போது, சாப்பிட்டுவிட்டுப் போனாலும் சரி, சர்க்கரை 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவுதான். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் பார்த்தால் 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்றால் 6.5, இவைதான் எல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசு இல்லாமல் பார்த்துவிடலாம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கவில்லையே, அப்போது சர்க்கரை இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து எறும்பை நம்பாதீர்கள்.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை, ஆள் மந்தமாகத் தூங்கி வழிவது, இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். வீட்டில் கல்யாணம் இருக்கிறது, அது முடியட்டும் என்று அப்போது யோசிக்கவே கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், குழந்தைகளுக்கும் இது வரும். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை திரும்ப நனைக்க ஆரம்பித்து, தண்ணீரும் கேட்டுக்கொண்டே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்கு நிலைமை சீக்கிரம் மோசமாகும்.

சரி, சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டால்? அப்போதும் விட்டுவிடாதீர்கள். 24 மணி நேரச் சிறுநீரை ஒரு பெரிய பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள், மூன்று லிட்டருக்கு மேல் போனால் அது அதிகம்தான். ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் பார்ப்பார். ரத்த அழுத்தத்துக்குப் போடும் சில மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும். அபூர்வமாக, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் மூளை ஹார்மோன் குறைந்தாலும் இப்படி ஆகும்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று நாள் முழுக்க தண்ணீர் கேட்கிறார். சர்க்கரை இல்லை, சிறுநீரும் வழக்கம்போலத்தான். பயப்படணுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இது பெரும்பாலும் தாகமாக இருக்காது, வாய் உலர்வதாக இருக்கும். அலர்ஜி, மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் வருவது போன்றவற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். வாயைத் திறந்து தூங்கினாலும் காய்ந்துபோகும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண்ணிலும் மணல் விழுந்தது போல உறுத்தல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஏற்கெனவே அளவு சொல்லியிருந்தால், தாகம் என்று அந்த அளவை மீறிக் கொடுக்க வேண்டாம், வாயைக் கொப்பளித்து நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.