வாங்கட்டும், அண்ணன் பெயரில் மட்டும் வேண்டாம்

கேள்வி: என் கணவர் 15 வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். வொர்க் பெர்மிட்தான். நானும் இரண்டு பிள்ளைகளும் அறந்தாங்கிப் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறோம். 2014-ல் திருச்சிக்கு வெளியே ஒரு பிளாட் (வீட்டுமனை) வாங்கினார். வாங்கியதோடு சரி, யாரும் போய்ப் பார்க்கவில்லை. இப்போது சேமிப்பு மொத்தத்தையும் போட்டு இரண்டு ஏக்கர் வயல் வாங்க வேண்டும் என்கிறார். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் வயல் வாங்க முடியாதாம். அதனால் அவருடைய அண்ணன் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்கிறார். மகள் பத்தாவது படிக்கிறாள். வேண்டாம் என்று நான் சொன்னால், “என் கஷ்டம் உனக்குப் புரியாது” என்று போனை வைத்துவிடுகிறார். வெளிநாடு போனவர்களுக்கெல்லாம் ஏன் இந்த நில ஆசை? நான் தடுப்பது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அறந்தாங்கி

பதில்: தவறே இல்லை, சகோதரி. அவர் நிலம் வாங்கட்டும். அண்ணன் பெயரில் மட்டும் வாங்க விடாதீர்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் அவருடைய ஆசையைப் பற்றிப் பேசிவிடுவோம். அது புரியாமல் நீங்கள் எந்தச் சட்டத்தைச் சொன்னாலும் அவர் போனை வைத்துவிடத்தான் போகிறார்.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டித் தரும் வீட்டை வாங்க முடியாது. தனியார் வீடு வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டவருக்கு 2023 முதல் 60 சதவீதம் கூடுதல் தீர்வை. கப்பல் பட்டறைத் தொழிலாளி அதைக் கனவில்கூட நினைக்க முடியாது. வேலை போனால் பெர்மிட்டும் போயிற்று. 15 வருடம் உழைத்த ஊரில் அவருக்குச் சொந்தம் என்று இருப்பது தங்கும் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த விடுதிகளைப் பூட்டி, தொழிலாளர்களை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார்கள். உங்கள் கணவரும் அங்கேதான் இருந்திருப்பார். அந்த நாட்களைப் பற்றி அவரிடம் என்றாவது கேட்டிருக்கிறீர்களா? “ஊரில் நமக்கு ஒரு இடம் இருக்கிறது” என்ற நினைப்புதான் பலரைத் தாங்கிப் பிடித்தது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். எத்தனை வருடம் இருந்தாலும் ஒருநாள் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த நாளுக்காக வாங்கிப் போடுகிறார்கள்.

உங்கள் பக்கத்து மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில், அங்கே விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தார்கள். பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு அந்த நிலங்களை அந்நாட்டு அரசே எடுத்துக்கொண்டது. அவர்கள் அங்கே சம்பாதித்து இங்கே கட்டிய வீடுகள் மட்டும் நின்றன. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். பல வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். நிலத்தை நம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் யார் பெயர், அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்பதை வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

புரோக்கர் சொன்னதில் முதல் பாதி உண்மை. வேலைக்காக வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசு உரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன இரண்டாவது பாதிதான் ஆபத்தானது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவது பினாமி. 1988-லேயே அதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 2016 நவம்பர் முதல் அதைக் கடுமையாக்கினார்கள். கூடப்பிறந்தவர் பெயரில் வாங்கலாம், ஆனால் பணம் போட்டவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வயலுக்கு உங்கள் கணவர் பெயரைச் சேர்க்கவே முடியாது என்னும்போது அண்ணன் பெயரில் மட்டும் வாங்குவது நேரே பினாமியில் போய் முடியும். நிலத்தை அரசு பறிமுதல் செய்யலாம். ஒரு வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறைத்தண்டனையும் உண்டு. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: “பணம் என்னுடையது, நிலத்தைத் திருப்பிக் கொடு” என்று உங்கள் கணவர் பின்னாளில் வழக்குப் போடவும் அந்தச் சட்டம் இடம் தராது.

அண்ணன் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நாளை அவர் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடன் திரும்பாவிட்டால் பேங்க் இந்த வயலின் மேலும் கை வைக்கும். அவர் காலத்துக்குப் பிறகு சட்டப்படி அவருடைய மனைவி, பிள்ளைகள் முதலான வாரிசுகளுக்குத்தான் அது போய்ச் சேரும். அவர்களுக்கு உங்கள் கணவர் பட்ட பாடு தெரியப்போவதில்லை. மாமனார் பெயரில் போடலாமா என்று யோசித்தாலும் இதே சிக்கல்தான். அதோடு அவர் உயில் எழுதாமல் போனால், நீங்கள் இந்துக் குடும்பமாக இருந்தால், மாமியாருக்கும் நாத்தனார்களுக்கும் உங்கள் கணவருக்கு இணையான பங்கு உண்டு.

வயல்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் உங்கள் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே வசிப்பவர். உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பெயரில் வாங்குவதைப் பினாமியாகக் கருதக்கூடாது என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. பணம் அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து விற்பவருக்குப் போகட்டும். கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பதிவுக்கு முன் ஒரு ஆடிட்டரையும், புரோக்கர் கூட்டிவராத ஒரு வக்கீலையும் பாருங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கலாம். 15 வருடம் தனியாக நின்று குடும்பம் நடத்தியவர் நீங்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஆனாலும் அந்த வயல் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அந்த இரண்டு ஏக்கருக்குக் கால்வாய்த் தண்ணீர் கடைசி வரை வருமா, கண்மாய்ப் பாசனமா, போர் போட்டால்தான் உண்டா? நடவுக்கும் அறுப்புக்கும் யார் நிற்பார்கள்? நீங்களா? இதற்குப் பதில் இல்லையென்றால், பிள்ளைகள் படிக்கும் ஊரில் அங்கீகாரம் பெற்ற ஒரு வீட்டுமனையை உங்கள் இருவர் பெயரிலும் வாங்குவது நல்லது. மனை வாங்க அவருக்குத் தடை எதுவும் இல்லை. பதிவுக்கு வர லீவு கிடைக்காவிட்டால், சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயருக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதித் தரலாம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத்துறையில் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். அதில் வாங்கும் அதிகாரம் மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு சொத்துக்குப் போகும் முன் திருச்சி பிளாட்டைக் கவனியுங்கள். கல் நட்ட இடத்தில் கல் இருக்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா இன்னும் பழைய ஆள் பெயரில் இருந்தால் மாற்றுங்கள். அது அங்கீகாரம் இல்லாத மனையா என்றும் விசாரியுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் வழி செய்தது. உங்களுடையது அதில் சேர்ந்ததா, விடுபட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். விடுபட்டிருந்தால் வீடு கட்ட அனுமதி கிடைப்பதும் கஷ்டம், விற்பதும் கஷ்டம்.

மகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் காலேஜ். நிலத்தை அவசரத்துக்கு விற்க முடியாது. விற்றாலும் கேட்கிற விலை கிடைக்காது. வாங்கும்போதே முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் போய்விடும். அதனால் அவளுடைய படிப்புச் செலவையும் ஆறு மாதக் குடும்பச் செலவையும் முதலில் ஒதுக்குங்கள். அந்தப் பணத்தை அவர் தன் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான பேங்க் கணக்கு) வைப்புநிதியாகப் போட்டுவைக்கலாம். அவர் வெளிநாட்டில் வசிக்கும்வரை அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. மீதியில் என்ன வாங்க முடியுமோ அதை வாங்குங்கள்.

அடுத்த முறை அவர் போன் செய்யும்போது “வேண்டாம்” என்று தொடங்காதீர்கள். “எந்த வருஷம் வரப்போறீங்க, வந்து எங்கே இருக்கப்போறோம்?” என்று கேளுங்கள். அவர் பேசட்டும். வயல் பேச்சு அதற்குள் தானாக வரும். அப்போது பத்திரத்தில் யார் பெயர் என்ற கேள்வியை எடுங்கள். அண்ணனுக்கு மனவருத்தம் வருமோ என்று அவர் தயங்கினால், இந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பினாமி வழக்கு வந்தால் அதில் அண்ணன் பெயரும் இருக்கும் என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.