கோர்டன் டியூக் பட்டம் ஏன் அற்றுப்போனது?

"1836இல் கோர்டன் டியூக் பட்டம் அற்றுப்போனது என்கிறார்கள். ஆனால் இன்றும் ஒரு கோர்டன் டியூக் இருக்கிறாரே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு பட்டங்கள். பெயர் மட்டும்தான் ஒன்று. (பிரிட்டிஷ் பிரபுக்களில் டியூக்தான் உயர்ந்த படி. அதற்கு அடுத்து மார்க்விஸ், அதற்கும் அடுத்து ஏர்ல்.)

முதல் பட்டம் 1684இல் வந்தது. ஸ்காட்லாந்தின் ஹன்ட்லி மார்க்விஸ் ஜார்ஜ் கோர்டனை அரசர் இரண்டாம் சார்லஸ் டியூக்காக உயர்த்தினார். பட்டயத்தின்படி, அவருக்குப் பிறந்த மகன், அந்த மகனின் மகன் என்று ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே பட்டம் போகும். சித்தப்பா வழிப் பங்காளிகளுக்கு அதில் இடமில்லை. பிற்பாடு எல்லாமே இந்த ஒரு நிபந்தனையால்தான் நடந்தது.

நான்காவது டியூக் அலெக்சாண்டரின் மனைவி ஜேன் மேக்ஸ்வெல் சாமர்த்தியசாலி. 1794இல் கோர்டன் ஹைலேண்டர்ஸ் படைக்கு ஆள் சேர்த்தபோது, உதடுகளில் ஷில்லிங் நாணயத்தைக் கவ்வியபடி நின்று, சேர வந்தவர்களுக்கு முத்தத்தோடு கொடுத்தார் என்றொரு கதை உண்டு. ஐந்து மகள்களில் மூவரை டியூக் குடும்பங்களில் கட்டிக்கொடுத்தார். இன்னொருத்தி திப்புவோடு போரிட்ட கார்ன்வாலிஸின் மருமகள் ஆனாள். ஆனால் பட்டம் மகள்கள் வழியாகப் போக முடியாதே! இரண்டு மகன்களில் இளையவர் 1808இல் மணமாகாமலேயே இறந்தார். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய மூத்தவர் ஜார்ஜ்தான் ஐந்தாவது டியூக். அவருக்கும் மனைவி எலிசபெத் பிராடிக்கும் குழந்தை இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது.

1836 மே மாதம் அவர் இறந்ததும், ஒரே வீட்டுச் சொத்து மூன்று விதமாகப் பிரிந்தது. டியூக் பட்டம் அதோடு முடிந்தது. 1599இல் வந்த மார்க்விஸ் பட்டம் பழையது, அதன் ஆண்வழியும் அகலமானது. அதனால் அது தூரத்துப் பங்காளியான அபாய்ன் ஏர்லுக்குப் போனது. முதல் டியூக்கின் சித்தப்பா வழியில் வந்தவர் அவர். 1838இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை அவர் உரிமையை ஏற்றது. நிலமும் கோட்டையும் ஐந்தாவது டியூக்கின் மூத்த அக்கா ஷார்லட்டின் மகனான ரிச்மண்ட் டியூக்குக்குக் கிடைத்தன. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போருக்கு மூன்று நாள் முன் பிரஸ்ஸல்ஸில் நடன விருந்து வைத்தாரே, அந்த ஷார்லட்தான். மகன் தன் குடும்பப் பெயரைக் கோர்டன்-லெனக்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.

1876இல் விக்டோரியா ராணி, ஷார்லட்டின் பேரனான ஆறாவது ரிச்மண்ட் டியூக்குக்குப் புதிதாகக் கோர்டன் டியூக் பட்டம் கொடுத்தார். இன்றைய ரிச்மண்ட் டியூக் வைத்திருப்பது இந்தப் பட்டத்தைத்தான். ரத்த உறவு தாய்வழியில் உண்டு, ஆனால் 1684 பட்டயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஹன்ட்லி மார்க்விஸ் பட்டமோ அபாய்ன் கிளையிடம் இன்றுவரை இருக்கிறது.