கைதி எதற்குக் கேஸ் போடுகிறார்?

கேள்வி: அமெரிக்காவில் சிறைக் கைதிகள், தங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், நர்ஸ் மீதே 'உரிமையைப் பறித்துவிட்டார்கள்' என்று கேஸ் போடுகிறார்களாமே? வெளியே இருக்கும் ஏழைக்கே வைத்தியத்துக்கு வழியில்லை. குற்றவாளிகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏழைக்கு வைத்தியம் கிடைக்காதது அநியாயம்தான். அதற்காகக் கைதியின் வைத்தியத்தைப் பிடுங்கினால், அந்த ஏழைக்கு ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஏழை இன்னொரு ஆஸ்பத்திரி வாசலிலாவது போய் நிற்கலாம். பூட்டி வைத்த அரசாங்கம் காட்டும் டாக்டரை விட்டால் கைதிக்கு வேறு நாதியில்லை.

1973 நவம்பரில் டெக்சாஸ் சிறையில் கேம்பிள் என்ற கைதி லாரியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பொதி அவர் மேலேயே விழுந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. மேல் படுக்கையிலிருந்து கீழ்ப் படுக்கைக்கு மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். சிறை அதிகாரிகள் மாற்றவில்லை. ஒருமுறை மருந்துச் சீட்டையே ஊழியர்கள் தொலைத்துவிட்டதால், நான்கு நாள் மருந்து வரவில்லை. வலியோடு வேலைக்குப் போக மறுத்ததற்குத் தனியறையில் அடைத்தார்கள். நெஞ்சுவலி என்று சொன்னபோது, டாக்டரைப் பார்க்கக் காவலர்கள் இரண்டு நாள் விடவில்லை. இதெல்லாம் அவர் கைப்பட எழுதிப் போட்ட மனுவில் இருந்தவை. வக்கீல்கூட வைக்காமல், 1871-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் அந்த வழக்கைத் தொடுத்தார்.

1976-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தர்குட் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தடுக்கும் கொடூர தண்டனைக்குச் சமம் என்றது தீர்ப்பு. இன்றைய சிறை மருத்துவ வழக்குகளுக்கெல்லாம் அதுதான் ஆதாரம். ஆனால் டாக்டருக்கு எதிராக கேம்பிளுக்கே வெற்றி கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் 17 முறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்காதது அதிகபட்சம் தொழில் கவனக்குறைவுதான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்காமலே 'முதுகுப் பிடிப்பு' என்று அனுப்புவதற்கு 17 முறை பார்த்தால் என்ன, 70 முறை பார்த்தால் என்ன? எனக்கு அந்தப் பகுதி இன்றும் ஒப்பவில்லை.

ஆகவே டாக்டர் தப்பாகப் பார்த்தார் என்பது மட்டும் போதாது. ஆபத்து தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டார் என்று காட்ட வேண்டும். 1994-இல் இன்னொரு தீர்ப்பு இதை மேலும் இறுக்கியது. அப்புறம் 1996 சட்டம் வந்தது. முதலில் சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து, மேல்முறையீடும் செய்து முடித்த பிறகுதான் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கான கெடுவைத் தவறவிட்டால் கேஸ் தள்ளுபடி. கையில் காசில்லாதவர்கூட கோர்ட் கட்டணத்தைச் சிறைக் கணக்கிலிருந்து தவணையாகக் கட்டியாக வேண்டும். நீங்கள் சொல்லும் 'இடம்' இவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் 2001-இல் கைதிகள் தொடுத்த மருத்துவ வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிய வைத்தியம் இல்லாததால் ஆறேழு நாளைக்கு ஒரு கைதி வீணாகச் சாகிறார் என்று அந்த வழக்கில்தான் பதிவானது. கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேரை அடைத்து வைத்திருந்த சிறைகள் அவை. கூட்டத்தைக் குறைக்கச் சொன்ன உத்தரவை நீதிபதிகள் 5-4 என்று உறுதி செய்தார்கள். கைதிகளுக்குக் கோர்ட் கதவைச் சாத்தியிருந்தால் அந்தச் சாவுக் கணக்கை யார் கேட்டிருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.