வாய்ட் ஸ்டாரை அடக்கும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். சி மொழியில் கால்பேக் (நாம் எழுதிக் கொடுக்க, லைப்ரரி நேரம் பார்த்து அழைக்கும் ஃபங்ஷன்) எழுதினால் மூன்று நான்கு பாராமீட்டர் வருகிறது, எனக்குத் தேவை ஒன்றுதான், பயன்படாத மற்றதற்கெல்லாம் கம்பைலர் வார்னிங் போட்டுக் கத்துகிறது. அவற்றில் ஒன்று பெரும்பாலும் வாய்ட் ஸ்டார், அதாவது எந்த டைப்பையும் சுட்டும் பாயிண்டர்; பதிவு செய்யும்போது நாம் கொடுத்ததை லைப்ரரி அப்படியே திருப்பித் தரும், யூசர்டேட்டா என்பது அதுதான். சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை வாசகர்: ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் என்ற வார்னிங் ஆப்ஷன் போட்டால் சத்தமே இல்லை, டபிள்யூ-எக்ஸ்ட்ரா சேர்த்ததும் வார்னிங் கொட்டுகிறது. ஜிசிசியில் கோளாறா?

கோளாறு இல்லை. பயன்படாத பாராமீட்டருக்கான வார்னிங் எக்ஸ்ட்ராவைச் சேர்த்தால்தான் வரும். ஆல் என்று பெயர் வைத்தவர் எல்லாவற்றையும் அதில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நெல்லிக்குப்பம் வாசகர்: இந்த வார்னிங்கைச் சுலபமாக அடக்க என்ன வழி? பழைய கோடில் பாராமீட்டரை அதற்கே அசைன் செய்திருக்கிறார்கள், அது போதுமா?

ஃபங்ஷன் தொடக்கத்தில் பாராமீட்டரின் பெயரை வாய்டுக்கு காஸ்ட் செய்து, அதாவது டைப் மாற்றி, ஒரு வரி போடுங்கள். எந்த கம்பைலரும் ஏற்கும், ஓடும்போது செலவும் கிடையாது. தனக்குத்தானே அசைன் செய்வது வேண்டாம். கிளாங் கம்பைலர் அதற்குத் தனியாக ஒரு வார்னிங் தரும், பாராமீட்டர் கான்ஸ்ட் என்றால் கம்பைலே ஆகாது. ஆனால் அந்த வாய்ட் வரியைப் போடும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: லைப்ரரி எழுதியவர் இதை ஏன் கொடுத்தார்?

பண்ருட்டி வாசகர்: ஒரே பாராமீட்டரோடு ஃபங்ஷன் எழுதி, பாயிண்டரை காஸ்ட் செய்து பதிவு செய்துவிட்டேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது.

ஓடும். அழைத்தவரே ஸ்டாக்கைச் சுத்தம் செய்யும் மெஷினில், அதிகமாக வந்ததை உங்கள் ஃபங்ஷன் கண்டுகொள்ளாது. ஆனால் பொருந்தாத டைப் வழியாக அழைத்தால் என்ன நடக்கும் என்று சி ஸ்டாண்டர்டு உத்தரவாதம் தரவில்லை. அதே கோடை பிரவுசரில் ஓடும் வெப்அசெம்பிளிக்குக் கொண்டுபோனால், அழைக்கும் இடத்தில் டைப்பைச் சரிபார்த்து அங்கேயே நின்றுவிடும். ஜிசிசி 8-லிருந்து எக்ஸ்ட்ராவோடு இந்த காஸ்ட்டுக்கும் வார்னிங் உண்டு. ஒரு வரி வாய்ட் போடச் சோம்பல்பட்டு இவ்வளவு தேவையா?

பெயர் போடாத ஒருவர்: சார் கால்பேக் எரர் வருது, உடனே சொல்லுங்க. (மானிட்டரை போனில் எடுத்த போட்டோ, பாதித் திரையில் டியூப்லைட் வெளிச்சம்.)

எரரை எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள். போன மாதமும் சொன்னேன், அதற்கு முந்தைய மாதமும் சொன்னேன்.

வில்லியனூர் வாசகர்: டவுன்லோடு செய்யும் லிப்கர்ல் லைப்ரரியின் ரைட் கால்பேக்கில் கடைசியில் வரும் யூசர்டேட்டாவையும் அளவுகளையும் வாய்ட் போட்டு அடக்கிவிட்டு, வந்ததை ஸ்ட்ர்லென் வைத்து அளந்து குளோபல் பஃபரில் சேர்க்கிறேன். வார்னிங் பூஜ்யம். சரிதானே?

வார்னிங் பூஜ்யம், ஆனால் சரியில்லை. அந்த கால்பேக்குக்கு வரும் டேட்டா பூஜ்ய பைட்டில் முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, பூஜ்ய பைட் வரும்வரை எண்ணும் ஸ்ட்ர்லென் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அளவுகளில் முதலாவது எப்போதும் 1, அதை மட்டும் வேண்டுமானால் விடலாம். இரண்டாவதில்தான் பைட் எண்ணிக்கை இருக்கிறது. அத்தனை பைட்டையும் வாங்கிக்கொண்டேன் என்று திருப்பிச் சொல்லாவிட்டால் டவுன்லோடே நின்றுபோகும். கம்பைலர் இதைத்தான் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறது, நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள்.

அந்த யூசர்டேட்டா விஷயத்துக்கு வருகிறேன், அது என் பழைய காயம். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லாரி எடை மேடை ஒன்றுதான் இருந்தது. சீரியல் போர்ட்டில் எடை வந்ததும் ஓடும் கால்பேக்கை நான்தான் எழுதினேன், ஒரே மேடைதானே என்று வாய்ட் ஸ்டாரை அடக்கிவிட்டு எடையை குளோபல் வேரியபிளில் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது மேடை வைத்து, அதே கால்பேக்கை அந்த போர்ட்டுக்கும் பதிவு செய்தார்கள். அப்புறம் என்ன, இந்த லாரியின் எடை அந்த லாரியின் சீட்டில் அச்சாக ஆரம்பித்தது. கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம், அதுவும் டிசம்பர் மழையில் தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் வைத்து, பதிவு செய்யும்போது அதன் முகவரியைக் கொடுத்திருந்தால் இரண்டாவது மேடைக்கு ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருந்திருக்காது. உங்கள் கோடிலும் ஒரே நேரத்தில் இரண்டு டவுன்லோடு ஓடினால் இதுதான் கதி. த்ரெட் கூட வேண்டாம், பல டவுன்லோடை ஒன்றாக நடத்தும் லிப்கர்லின் மல்டி போதும்.

நெய்வேலி வாசகர்: சி மொழியின் புதிய பதிப்பான சி23-ல் பாராமீட்டரின் பெயரையே விட்டுவிடலாமாமே?

விடலாம், டைப் மட்டும் போதும். ஜிசிசி 11-லிருந்து கிடைக்கிறது, சி++காரர்களுக்கு இது பழைய வசதி. டிபக் பில்டில் மட்டும் பயன்படும் பாராமீட்டர் என்றால் மேபி-அன்யூஸ்டு என்ற அட்ரிபியூட்டைப் போடுங்கள். பெயரை விடும்போதும் அதே கேள்விதான்: ஏன் கொடுத்தார்?

அரியாங்குப்பம் வாசகர்: ஜிசிசி 15-க்கு மாறியதும், பத்து வருஷமாக ஓடிய கோடில் கால்பேக் பதிவு செய்யும் இடமெல்லாம் எரர்.

ஹெடரில் கால்பேக் டைப்பை வெற்று அடைப்புக்குறியோடு எழுதியிருப்பீர்கள். முன்பு அதற்கு 'பாராமீட்டர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை' என்று பொருள், சி23-ல் 'பாராமீட்டரே கிடையாது' என்று பொருள், ஜிசிசி 15 சொல்லாமலே அந்தப் பதிப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. டைப்பை முழுசாக எழுதுங்கள். பழைய பதிப்பைக் கேட்கும் ஜினு17 ஆப்ஷனைக் கொடுத்தும் தப்பிக்கலாம், கொஞ்ச நாளைக்கு.

மஞ்சக்குப்பம் கல்லூரி மாணவர்: வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டின் கம்பேர் ஃபங்ஷனில் யூசர்டேட்டாவே இல்லையே, எந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்துவது என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி தம்பி, மற்றவர்கள் யூசர்டேட்டாவை வேண்டாமென்று அடக்க, நீங்கள் அது கிடைக்காமல் தவிக்கிறீர்கள். வெறும் க்யூசார்ட் என்றால் குளோபல்தான், இல்லையென்றால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி கம்பேர் ஃபங்ஷன். லினக்ஸில் க்யூசார்ட்-ஆர் இருக்கிறது, கம்பேருக்குக் கடைசி ஆர்குமெண்டாக உங்கள் பாயிண்டரைக் கொடுக்கும். மைக்ரோசாஃப்டின் க்யூசார்ட்-எஸ் அதையே முதலில் கொடுக்கும், பழைய ஃப்ரீபிஎஸ்டியிலும் முதலில்தான். மூன்றுமே வாய்ட் ஸ்டார் வகை என்பதால் வரிசை மாறியது எளிதில் கண்ணில் படாது. உங்கள் மெஷினில் மேன் என்ற கையேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.