மாட்டெரு மூட்டையில் சத்து எவ்வளவு?

கேள்வி: ஹட்டன் பக்கம் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ், கரட் போடுகிறோம். ஒரு வியாபாரி 50 கிலோ மாட்டெரு மூட்டை விற்கிறார். நைதரசன் 6 சதவீதம் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நன்றாக மக்கிய மாட்டெருவில், ஈரம் போன எடைக்கு, நைதரசன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். 6 என்றால் யூரியா போல வேறொன்று கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணே பிழை. என்ன கலந்தது, பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம் ஈரம். நம்ம மலையில் மழைக்காலத்தில் எரு வாங்கினால் பாதிக் காசு தண்ணீருக்குத்தான் போகிறது. நாலைந்து மூட்டைகளின் நடுவிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, அதில் 500 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலிலோ அடுப்புக்கு மேலேயோ எடை இனிக் குறையாத வரை காய விடுங்கள். 250 கிராம் மிஞ்சினால் பாதி தண்ணீர். அப்போது 50 கிலோ மூட்டையில் உலர் எரு 25 கிலோ. நைதரசன் 1.5 சதவீதம் என்று வைத்தால் 375 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆகவே கணக்குக்கு அது சுமார் 800 கிராம் யூரியாவுக்குச் சமம். ஆனால் எருவின் நைதரசனில் சிறு பங்குதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும், மீதி மெல்ல வரும். மண்ணை இளக வைப்பது தனி லாபம், அதற்காகவே நான் எரு போடச் சொல்வேன்.

காய்ந்ததைத் தண்ணீரில் கரைத்தும் பாருங்கள். அடியில் மணல் நிறையத் தங்கினால் அதற்கும் எருவின் விலையைத்தான் கொடுக்கிறீர்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை, இளம் நாற்றுக்கு ஆகாது. மழையில் திறந்து கிடந்த குவியலில் பொற்றாசியம் கழுவுண்டு போயிருக்கும், அதனால் எங்கே குவித்து வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

நிறைய மூட்டை வாங்குவதாக இருந்தால், பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பரிசோதனைக்கு எங்கே கொடுக்கலாம் என்று கேளுங்கள். அறிக்கையில் சதவீதம் உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்று பாருங்கள். பொய் எண் போட்டு விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம், பற்றுச்சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.