பீரோ மேல் ஒரு ஹெலிகாப்டர்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். விஷயம் சின்னது, சிரிக்காதீர்கள்.

மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு 1,900 ரூபாயில் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கினேன். மேலே இரண்டு அடுக்கு விசிறி, வாலில் ஒரு குட்டி விசிறி இருக்கிற வகை. நான்கு நாட்களாக முயற்சி செய்கிறேன். ஒன்று கூரையில் முட்டுகிறது, இல்லை தரையில் விழுகிறது. நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சும்மா விட்டாலே தன்னைத்தானே சுற்றுகிறது. மொட்டைமாடியில் விட்டபோது ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழுந்தது. ஒரு இறக்கையின் முனை போய்விட்டது. மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் கொடுத்தால் உடைத்துவிடுவான் என்பதால், நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிறகு தரலாம் என்று பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

கோளாறு பொம்மையிலா, என்னிடமா? இதை மூட்டை கட்டிவிட்டு, தானாகவே அந்தரத்தில் நிற்கும் ட்ரோன் ஒன்று வாங்கிவிடலாமா? நாற்பத்துநான்கு வயதில் இது என்ன சிறுபிள்ளைத்தனம் என்கிறாள் மனைவி. எனக்கென்னவோ பறத்தல் என்பது நம் மரபிலேயே ஊறிய ஏக்கம் என்று தோன்றுகிறது. புஷ்பக விமானம், சித்தர்களை வானில் பறக்கவைத்ததாகச் சொல்லும் ககனக் குளிகை எல்லாம் அதன் வெளிப்பாடுதானே?

அன்புடன்,
ஆர்., ஓசூர்

*

அன்புள்ள ஆர்.,

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் சிரித்தேன். பீரோ வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புஷ்பக விமானத்தைக் கீழே இறக்கிவிடுவோம். 1,900 ரூபாய் பொம்மைக்கு சித்தர்களின் சிபாரிசு எதற்கு? ஆசையாக இருக்கிறது என்று சொல்ல நம் ஆட்களுக்கு ஏனோ கூச்சம். உடனே மரபைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுகிறோம். ஆசையாக இருக்கிறது, அதனால் செய்கிறேன் என்று மனைவியிடம் நேராகச் சொல்லுங்கள். வயதைப் பற்றிக் கேட்டால் சிகோர்ஸ்கியைச் சொல்லலாம். இகோர் சிகோர்ஸ்கி தானே வடிவமைத்த விஎஸ்-300 ஹெலிகாப்டரை முதன்முதலில் தரையைவிட்டு எழுப்பியது 1939 செப்டம்பர் 14ஆம் தேதி. அப்போது அவருக்கு ஐம்பது வயது. ஓட்டியதும் அவரேதான். அந்த வண்டியை ஓட்டச் சொல்லித்தர வேறு யார் இருந்தார்கள்? போய்விடாமல் இருக்க அதைத் தரையோடு கட்டிவைத்துக்கொண்டு எழுப்பினார். கட்டை அவிழ்த்துவிட்டுப் பறந்தது மறுவருஷம் மே மாதம்தான். இடையில் எட்டு மாதம். நீங்கள் நாலாம் நாளே கடிதம் போட்டுவிட்டீர்கள்.

ட்ரோன் வாங்குவதென்றால் வாங்குங்கள். அதில் நிற்கவைக்கிற வேலையை உள்ளே இருக்கிற சிப் பார்த்துக்கொள்ளும். உங்களுக்குப் படம் எடுக்கிற வேலை மட்டும் மிஞ்சும். இதற்குமேல் அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பொம்மையில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மேலே இரண்டு விசிறியும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒன்று உடம்பை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், மற்றது வலப்பக்கம். இரண்டும் சமமாக இருந்தால் உடம்பு நேராக நிற்கும். ஒன்று கொஞ்சம் தளர்ந்தாலும் தட்டாமாலைதான். அதற்குத்தான் ரிமோட்டில் ட்ரிம் என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. சுற்றுகிற திசைக்கு எதிர்ப்பக்கமாக அதை மெல்லத் திருப்புங்கள். பேட்டரி இறங்க இறங்க மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். மொட்டைமாடியில் கட்டுப்படாமல் போனதற்கும் காரணம் உண்டு. இந்த வகையில் பெரும்பாலானவை டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்பவை. வெயிலிலும் அதே கதிர் இருக்கிறது. ரிமோட் சொல்வது எது, சூரியன் சொல்வது எது என்று அந்தக் குட்டிக்குப் புரியாது. தவிர நாற்பது கிராம் சாமானுக்கு ஓசூர்க் காற்று கொஞ்சம் அதிகம். வீட்டுக்குள்ளேயே விடுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு.

இப்போது மேலும் கீழும் முட்டுகிற விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த வரிதான். நானும் அப்படி முட்டியிருக்கிறேன்.

2012இல் அக்கா மகள் கல்யாணம், மன்னார்குடியில். மச்சினன் பையன், பத்து வயது, பர்மா பஜாரில் வாங்கிய ஹெலிகாப்டரோடு வந்திருந்தான். மாப்பிள்ளை அழைப்பு முடிந்த கையோடு, இரவு எட்டு மணி இருக்கும், "ஒரு தடவை குடுடா" என்று வாங்கினேன். முக்கால் மணிநேரம் சார்ஜ் போட்டால் ஏழு நிமிடம் பறக்கும். மண்டபத்தில் ஃபேன்களை அணைத்தேன். ஜமக்காளத்தில் படுத்திருந்த பெரியவர்கள் வியர்த்துப்போய் எழுந்து திட்டினார்கள். சரி என்று காலியாகக் கிடந்த பந்திக் கூடத்துக்கு மாறினேன். உயர்ந்த கூரை, ட்யூப்லைட் வெளிச்சம், துளி காற்றில்லை. இதைவிட நல்ல விமான நிலையம் கிடைக்காது. மூன்று சார்ஜ் தீர்ந்தது. இருபத்தோரு நிமிடம் முழுக்க நானே ஓட்டினேன். சார்ஜர் ஒயர் மட்டும் பையன் கையில் இருந்தது. கூரை, மேஜை, கூரை, மேஜை. நெற்றியில் வியர்வை.

அடுக்களை வாசலில் உட்கார்ந்து சமையல்காரர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க அதைத் தொரத்திக்கிட்டே போறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. இதில் உங்களுக்கு என்ன தெரியும் என்கிற முகத்தோடு திரும்பினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "கொதி வந்தப்புறம் விறகை இழுத்தா பால் பொங்கித்தான் தீரும். வரப்போவுதுன்னு தெரியுதுல்ல, அப்பவே இழுக்கணும்" என்றார்.

இதைவிடத் துல்லியமாக நான் எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் படித்ததில்லை. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிஜ ஹெலிகாப்டரில் விசிறியின் வேகம் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். இறக்கைகளின் சாய்வைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். நம் பொம்மையில் அந்தச் சாய்வு மாறாது. மோட்டார் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும், அவ்வளவுதான். மோட்டார் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஏறத் தொடங்கிவிட்ட பொம்மை நிற்க இன்னும் கொஞ்சம். இந்த இரண்டு கொஞ்சத்துக்கும் நடுவில்தான் நீங்களும் நானும் மாட்டிக்கொள்கிறோம். ஏற்றி இறக்குகிற இடது ஸ்டிக்கைத் தள்ளுகிறோம், ஏறக் காணோம். இன்னும் தள்ளுகிறோம். தள்ளிய எல்லாமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் மேலே போகிறது. பதறி இறக்குகிறோம், உடனே இறங்கவில்லை, இன்னும் இறக்குகிறோம், அப்புறம் மொத்தமாகக் கீழே வருகிறது. கண் எப்போதும் அது இப்போது இருக்கிற இடத்தில். கை அதற்கும் ஒரு நொடி பின்னால்.

ஆகவே இடது ஸ்டிக்கைத் தள்ளாதீர்கள், ஒரு எள்ளளவு நகர்த்துங்கள். அப்புறம் கையைச் சும்மா வைத்திருங்கள். ஏற ஆரம்பித்ததும், நீங்கள் விரும்பிய உயரம் வருவதற்கு முன்பே, எள்ளளவு குறையுங்கள். இதைச் சொல்வது சுலபம். விரலுக்கு இது ஏற ஒரு வாரம் ஆகும். இன்னொன்று: பயத்தில் தரையை ஒட்டியே பழகாதீர்கள். ஒரு சாண் உயரத்துக்குள் விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி வந்து பொம்மையை ஆட்டும். கூரையை நெருங்கினால் மேலே இழுத்து ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு உயரத்துக்குச் சட்டென்று கொண்டுபோய் அங்கே பழக வேண்டும். வாலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு உங்களைப் பார்த்தால் இடம் வலம் மாறிப்போகும். மோதப்போகிறது என்று தெரிந்தால் இடது ஸ்டிக்கை முழுதாகக் கீழே இறக்கிவிடுங்கள். காப்பாற்றப் பார்க்காதீர்கள். இவ்வளவு லேசான சாமான் சும்மா விழுந்தால் ஒன்றும் ஆகாது. சுற்றிக்கொண்டே போய் மோதுகிற இறக்கைதான் உடையும்.

சமையல்காரர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு ரிமோட்டை வாங்கினார். முதல் தடவை மேஜைக் காலில் இடித்தார். இரண்டாம் தடவை அது எழும்பி, கைகழுவுகிற தொட்டிக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில் நின்றது. லேசாக ஆடியது, ஆனால் நின்றது. இருபது எண்ணும் நேரம் இருக்கலாம். நான் ஹெலிகாப்டரைப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். அசைகிறதா இல்லையா என்றே தெரியாதபடி அசைந்தது. எவ்வளவு துடைத்தும் போகாத மஞ்சள் அந்த விரலில் இருந்தது. ரிமோட்டின் இடது ஸ்டிக்கில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

தரையில் இறக்கினார். நான் கை நீட்டினேன். அவர் "இந்தா தம்பி" என்று பையனிடம் கொடுத்தார்.

பையன் எடுத்த எடுப்பிலேயே அதை அடுக்கிவைத்திருந்த சாம்பார் வாளிகளில் கொண்டுபோய் மோதினான். வாலில் இருந்த குட்டி விசிறி கழன்று எங்கோ ஓடியது. நான் "அய்யோ" என்று கத்தினேன். சமையல்காரர் பையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்புறம் பூசணிக்காயிடம் போய்விட்டார்.

அதனால்தான் உங்கள் பீரோவில் எனக்குச் சிரிப்பு நின்றது. ஆர்., உங்கள் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். கூரை வருகிறது, தொட்டி வருகிறது, சித்தர்கள் வருகிறார்கள், மனைவி வருகிறார். பிறந்தநாள்காரன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். அவ்வளவுதான் அவன் வேலை. நீங்கள் கெட்ட அப்பா என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் இது ஒரு பழக்கம். சாவி கொடுத்தால் ஓடும் கார் கண்ணாடி அலமாரியில் இருக்கும், விருந்தாளி வந்தால் வெளியே வரும். நம் அப்பாக்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது. உடைந்தால் இன்னொன்று வாங்க முடியாது. உங்களுக்கும் எனக்கும் அந்தக் காரணம் கிடையாது. நமக்கு இருப்பது வெறும் ஆசை, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம். "உடைத்துவிடுவான்" என்கிறீர்கள். முனை உடைந்த இறக்கை யார் கைவேலை?

1878இல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் வெளியூர் போய்விட்டு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர். பிரான்ஸ்காரர் அல்போன்ஸ் பெனோ வடிவமைத்த பறக்கும் பொம்மை. அதுவும் ஹெலிகாப்டர்தான். கைக்குள் மறைத்து வைத்திருந்ததைப் பையன்கள் முன்னால் சட்டென்று காற்றில் விட்டார். அது கூரையில் முட்டி, கொஞ்சம் படபடத்துவிட்டுத் தரைக்கு வந்தது. வில்பருக்குப் பதினொன்று, ஓர்வில்லுக்கு ஏழு வயது. வௌவால் என்று பெயர் வைத்து விளையாடினார்கள். சீக்கிரமே அது உடைந்துபோனது. உடைந்ததால் தாங்களே ஒன்று செய்தார்கள். அப்புறம் இன்னும் பெரிதாக ஒன்று. பெரிதாக்கினால் ஏன் ஒழுங்காகப் பறப்பதில்லை என்று குழம்பினார்கள். அளவு இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. பின்னாளில் விமானம் செய்தவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பையன் விமானம் செய்ய வேண்டாம், கணக்குப் பரீட்சையில் தேறினால் போதும். அந்தப் பாதிரியார் தூக்கிப்போட்டாரே, அதற்காகச் சொன்னேன். நான் கற்றுக்கொண்ட பிறகு தருகிறேன் என்று அவர் அதைப் பத்திரப்படுத்தவில்லை.

கோளாறு யாரிடம் என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இன்று இரவே பீரோ மேலிருந்து எடுங்கள். பறக்கவிட்ட சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், பத்து நிமிடம் ஆறட்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், லித்தியம் பேட்டரி. மாற்று இறக்கை ஆன்லைனில் கிடைக்கும், சென்னை ரிச்சி தெருவிலும் தேடிப் பார்க்கலாம். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் ஒன்றல்ல, மாற்றிப் பூட்டினால் எழும்பாது. வாங்கும்போது இரண்டு செட்டாக வாங்குங்கள், ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு.