சாவி யார் கையில் இருந்தது?

கேள்வி: புனேயில் குடித்துவிட்டு கார் ஓட்டி இரண்டு பேரைக் கொன்ற 17 வயதுப் பையனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள். இப்படிப்பட்டவர்களைப் பெரியவர்களைப் போலவே சிறையில் தள்ளினால்தானே மற்ற பையன்கள் பயப்படுவார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கட்டுரைச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் அந்தப் பையன் மட்டும்தான் இருக்கிறான். 2024 மே 19 அன்று, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, கல்யாணி நகரில் அந்த போர்ஷே கார் பைக்கின் மேல் மோதியது. அதற்கு முன்னால் அது எத்தனை பெரியவர்களைத் தாண்டி வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

1,758 ரூபாய் கட்டாததால் பதிவே முடியாமல் கிடந்த கார் அது. அது ரோட்டுக்கு வந்தது எப்படி? மகாராஷ்டிரத்தில் பியர் குடிக்கவே 21 வயது ஆக வேண்டும். அந்தப் பையனும் நண்பர்களும் போன முதல் பாரில் மட்டும் ஒன்றரை மணி நேரத்தில் 48,000 ரூபாய் பில் ஆனதாகப் போலீஸ் சொன்னது. ஊற்றிக் கொடுத்தவருக்கு அந்த முகங்களைப் பார்த்து வயது தெரியவில்லையா? விபத்துக்கு அப்புறம் நடந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் மோசம். ரத்த மாதிரியையே மாற்றினார்கள் என்று டாக்டர்களும் பெற்றோரும் கைதானார்கள். 'பேரனைக் கெட்ட சகவாசத்திலிருந்து விலக்கி வைப்பேன்' என்று தாத்தா கொடுத்த உறுதியின் பேரில்தான் ஜாமீன் கிடைத்தது. ஒரே வாரத்தில் அந்தத் தாத்தாவும் கைதானார். பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி வீட்டு டிரைவரை அடைத்து வைத்ததாகப் புகார். வழக்கு முடியவில்லை, யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இந்த வரிசையில் பையன் ஒருவனைத் தவிர எல்லாரும் வயது வந்தவர்கள்.

நீங்கள் கேட்ட சிறை விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 16 வயது தாண்டியவரைப் பெரியவராக விசாரிக்க வேண்டுமானால், அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு தண்டனை இருக்க வேண்டும். புனே பையனைப் பெரியவராக விசாரிக்கக் கேட்ட மனுவை 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் ஏற்கவில்லை. அது சரியா தவறா என்று வாதாடலாம். அதற்குள், கையில் இருக்கும் சட்டத்தைப் பார்ப்போம்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்' என்று சொன்னால் மட்டும் போதாது, அதை அப்பாதான் நிரூபிக்க வேண்டும். சிறுவருக்கு மது கொடுப்பவருக்கு, சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

இந்த இரண்டு பிரிவுகளும் உங்கள் சேலத்துக்கும் பொருந்தும். எங்கள் அலுவலகத் தெருவில் பத்தாம் வகுப்புப் பையன் யூனிஃபார்மோடு இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறான். அவன் அப்பா வாசலில் நின்று பெருமையாகப் பார்க்கிறார். நானும் ஒருநாள்கூட அவரிடம் போய்ப் பேசவில்லை. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் 'பியர்தானே, குடிடா' என்று நீட்டுகிற மாமாவை யாராவது தடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டிலும் குடிக்கும் வயது 21தான். அந்த மாமாவும் அந்த அப்பாவும் ஒரே இரவில் ஒரே பையனுக்கு வாய்த்தால் புனேயில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

செத்துப்போனவர்கள் இருவரும் 24 வயது மென்பொருள் பொறியாளர்கள், மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் எங்கள் தெரு ஸ்கூட்டர் பையனின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன், 199ஏ பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் நீங்களும் போங்கள்.